பால்கனி சோலாருக்கு எந்த இன்வெர்ட்டர்?

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மொட்டை மாடி கைக்கு வராது. இருப்பது ஒரு பால்கனி. அதில் ஒரு பேனலைக் கட்டி, பேட்டரியில் சேர்த்து வைத்து, கரண்ட் போகும் நேரத்தில் ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் ஓடினால் போதும் என்று நினைக்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கடைக்குப் போனதும் அண்ணாச்சி கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வி.ஏ. வேணும்?" வி.ஏ. என்பது இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும் அளவு. அதற்குப் பதில் சொல்லும் முன் நீங்கள் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஒரு சாமானும் மாட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்தால் இந்த இன்வெர்ட்டர் எத்தனை வாட் இழுக்கும்?"

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், 200 வாட் பேனல் ஒன்று திறந்த மாடியில் கிடந்தால் நம்மூர் வெயிலுக்கு நாளொன்றுக்கு முக்கால் யூனிட் போலத் தரும். அதையே பால்கனிக் கம்பியில் நிமிர்த்திக் கட்டினால் பாதிதான். கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் காலை வெயில், மேற்கு என்றால் மாலை வெயில். 400 வாட்-மணி கிடைத்தாலே நல்ல நாள் (1000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). 1000 வி.ஏ. இன்வெர்ட்டர்களில் சும்மா நிற்கும்போதே 15 வாட் இழுப்பவை உண்டு. 24 மணி நேரத்துக்கு 360 வாட்-மணி. பேனல் நாள் முழுக்கச் சேர்த்ததை இன்வெர்ட்டரே தின்று தீர்த்துவிடும். உங்களுக்கு ஃபேன் ஓடாது. பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும் என்ற நினைப்பு இந்த இடத்தில் கை கொடுக்காது.

தெற்குப் பார்த்த பால்கனி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தெற்குதான் நல்லது என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். திருநெல்வேலி இருப்பது வடக்கே சுமார் 8.7 பாகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே உச்சி வெயில் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த நாலரை மாதமும் தெற்குப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற பேனலில் மத்தியான வெயில் நேராக விழாது. மார்கழி, தை மாதங்களில் நன்றாக விழும். கம்பியிலிருந்து வெளியே சாய்த்துக் கட்ட இடமிருந்தால் இந்தக் குறை கொஞ்சம் தீரும். அழிக்கம்பிக்கு உள்ளே பேனலை வைத்தால் எந்தத் திசையானாலும் நட்டம்தான். பேனலில் இருக்கிற சின்னச் சின்ன செல்கள் வரிசையாகக் கோத்தவை என்பதால், ஒரு கம்பியின் நிழல் ஒரு செல்லை மறைத்தாலும் வரிசை முழுக்கக் கரண்ட் குறையும்.

இனி தேவையைக் கூட்டுவோம். குறைந்த கரண்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, நாலு மணி நேரத்துக்கு 72. போன் சார்ஜ் ஒரு 30. மொத்தம் 342. இன்வெர்ட்டரில் மாறும்போது வீணாவதையும் சேர்த்தால் 400 ஆகிவிடும். இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும் கணக்கு இது. பழைய ஃபேன் 75 வாட் என்றால் கணக்கே இல்லை. முதல் செலவை ஃபேன் மாற்றுவதில் செய்யுங்கள். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் இதில் ஓட்டும் ஆசை வேண்டாம். ஓடும்போது 120 வாட் காட்டுகிற ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்து பத்து மடங்கு கேட்கும்.

ஆக, 12 வோல்ட்டில் 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்று தாராளம். பியூர் சைன் வேவ், அதாவது மின்வாரியக் கரண்ட் போலவே சீரான அலை, என்று அட்டையில் இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ், மாடிஃபைடு சைன் வேவ் வகைகள் விலை மலிவு. ஆனால் சாதாரண ஃபேன் அதில் ரீங்காரம் போடும், மோட்டாரும் சூடாகும். சும்மா நிற்கும்போது இழுப்பதை டி.சி. ஆம்பியரில் எழுதியிருப்பார்கள், அரை ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டுக்கு 6 வாட். அதற்கு மேல் போகிறதை விட்டுவிடுங்கள். எழுதவே இல்லை என்றால் கடையிலேயே பேட்டரியில் மாட்டி மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். லோடு இல்லாதபோது தானாக உறங்கிவிடும் பவர் சேவிங் பொத்தான் உள்ள மாடலில் ஒரு சிக்கல்: சின்ன பல்பும் ரவுட்டரும் இழுப்பது அதன் கண்ணுக்குத் தெரியாமல், விட்டு விட்டு எரியும். வி.ஏ. என்று போட்டிருப்பதை வாட் என்று எண்ணிவிடாதீர்கள்; வி.ஏ.-யில் வாட்டாகக் கிடைக்கும் பங்குதான் பவர் ஃபேக்டர், 700 வி.ஏ. என்பது 0.8 பவர் ஃபேக்டரில் 560 வாட்தான்.

ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுவது என்றால் அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரை போகும், இறங்கும்போது 11-க்கு வரும். அதனால் நடுவில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போட்டு நேராகக் கொடுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது ஒயரிங்கில்தான். 300 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 30 ஆம்பியர் போல ஓடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே மூன்று மீட்டர் தூரம், ஒயர் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்று வையுங்கள். போக வர ஆறு மீட்டரில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கத்தும். பேட்டரிதான் போச்சு என்று புதுசு வாங்குகிறவர்கள் உண்டு. 16 ஸ்கொயர் ஒயர், நீளம் ஒரு மீட்டருக்குள், ஒயர் முனையில் லக் என்கிற உலோக வளையம் வைத்து நன்றாக அமுக்கி முறுக்க வேண்டும். பேட்டரியின் ப்ளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 40 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ். தூரம் தவிர்க்க முடியாது என்றால் பேனல் பக்கத்து ஒயரை நீட்டுங்கள், அங்கே ஆம்பியர் குறைவு.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜை அளவாக விடுகிற சார்ஜ் கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட லோடு முனை இருக்கும். அதில் இன்வெர்ட்டரை மாட்டாதீர்கள். 10, 20 ஆம்பியருக்கு மேல் அது தாங்காது; இன்வெர்ட்டருக்குள் இருக்கிற கப்பாசிட்டர் நிரம்பும் முதல் நொடியிலேயே கருகிப்போகும். இன்வெர்ட்டர் நேராகப் பேட்டரியில்தான். பேட்டரி இல்லாமல் பேனலை இன்வெர்ட்டரில் மாட்டிப் பார்க்கவும் கூடாது. 12 வோல்ட் பேனல் என்று விற்பது லோடு இல்லாதபோது 22 வோல்ட் காட்டும்; பெரும்பாலான சின்ன இன்வெர்ட்டர்கள் 15, 15.5-லேயே நின்றுவிடும். பாதுகாப்பு இல்லாதது என்றால் புகைதான்.

கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். என்கிற சாதாரண வகை என்றால், 12 வோல்ட் பேனல் என்று விற்கிற 36 செல் பேனல்தான் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 330 வாட், 38 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு அதன் வழியாகக் கொடுத்தால், பேனலை அது 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 8.7 ஆம்பியரை 13-ஆல் பெருக்குங்கள், 113 வாட். மூன்றில் இரண்டு பங்கு போச்சு. அந்தப் பேனலுக்கு, கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிற எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும், அது தாங்கும் வோல்ட், பேனல் லோடு இல்லாதபோது காட்டும் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டான 46-ஐவிட நன்றாகக் கூடுதலாக இருக்கட்டும். கத்திரி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடாகும்போது வோல்ட் எட்டில் ஒரு பங்கு இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 18 வோல்ட் பேனல் 16-க்கு வந்துவிடும். 17 வோல்ட்டில் விற்கிற மலிவுப் பேனலும் மெல்லிய ஒயரும் சேர்ந்தால் சித்திரையில் பேட்டரி நிரம்பவே நிரம்பாது.

கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிற "சோலார் இன்வெர்ட்டர்" வாங்கலாமா? வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்து. ஒன்று, பேனல் வோல்ட் எல்லை. 25 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு, கரண்ட் வந்ததும் மின்வாரிய மின்சாரத்திலேயே பேட்டரியை நிரப்பும்படி செட்டிங் வைத்துத் தருவார்கள். காலையில் வெயில் வரும்போது பேட்டரியில் இடமே இருக்காது. பகலில் மெயின்ஸ் சார்ஜை நிறுத்தும் வசதி உள்ளதாகப் பாருங்கள். பேட்டரி லித்தியம் என்றால் அதற்கான செட்டிங்கும் வேண்டும். ட்யூபுலர் என்கிற ஆசிட் பேட்டரிக்கு வோல்ட்டைக் கூட்டிச் செய்கிற ஈக்குவலைசேஷன் சார்ஜ் லித்தியத்துக்கு ஆகாது.

ஜெர்மனியில் பால்கனிப் பேனலை, பேட்டரி இல்லாமல் நேராக வீட்டு மின்சாரத்தோடு சேர்க்கிற மைக்ரோ இன்வெர்ட்டர் வழியாகச் சுவர் பிளக்கிலேயே மாட்டுகிறார்கள். 2024 முதல் அங்கே 800 வாட் வரை அனுமதி. அந்தக் காணொளிகளைப் பார்த்து அதை இங்கே வரவழைக்காதீர்கள். கிரிட்டில், அதாவது மின்வாரிய லைனில், சேர்க்க மின்வாரிய அனுமதியும் இருவழி மீட்டரும் வேண்டும். சில மீட்டர்கள் வெளியே போவதையும் செலவாகவே எண்ணும். அதைவிட முக்கியம், கரண்ட் போனால் லைன்மேன் பாதுகாப்புக்காக அந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். மின்தடைக்கு உதவாது. பேட்டரி இன்வெர்ட்டரின் வெளியீட்டை இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் கொடுக்கிறார்களே, அது ஆளைக் கொல்லும் வேலை. கரண்ட் திரும்பும் நொடியில் இன்வெர்ட்டரும் போகும்.

மின்கட்டணம் குறையுமா என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன். நாளுக்கு 400 வாட்-மணி என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். வீட்டுக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். பேட்டரி விலையை இதில் எடுக்க முடியாது. மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியம் கிரிட்டோடு இணைத்த அமைப்புக்குத்தான். கரண்ட் போன ராத்திரி தூங்குவதற்கான செலவு என்று எண்ணி வாங்குங்கள்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்று பேனலைப் பிடுங்கும். நூறு வாட் பேனலே ஏழெட்டு கிலோ. துருப்பிடிக்காத கிளாம்ப் நாலு, அதோடு தனியாக ஒரு கம்பிக் கயிறு கட்டாமல் தெருவுக்கு மேலே தொங்கவிடக் கூடாது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் முனைகளில் உப்புப் பூக்கும். வாசலின் தடவி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் துடைத்து முறுக்க வேண்டும். இன்வெர்ட்டரை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாமல் வீட்டுக்குள் காற்றோட்டமாக வையுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டுங்கள். அது 12 வோல்ட் என்று அடையாளம் கண்ட பிறகு பேனல். கடைசியில் இன்வெர்ட்டர். கழற்றும்போது முதலில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் பேனல், அதன்பிறகே பேட்டரி. பேனலை மாட்டியபடியே விட்டு, பேட்டரியை நடுவில் பிடுங்கினால், பேனலின் முழு வோல்ட்டும் கன்ட்ரோலரில் ஏறிச் சில மாடல்கள் அங்கேயே செத்துவிடும்.

வணக்கம்.