உருகுநிலை ஒன்று, பொடிகள் இரண்டு: கரைதிறன் சோதனை செய்து பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே. ஸ்டாண்டில் இரண்டு வெள்ளைப் பொடிகள் இருக்கின்றன, பாருங்கள். இடது பக்கம் பென்சாயிக் அமிலம், வலது பக்கம் பீட்டா நாப்தால். இரண்டுமே 122 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உருகும். பிராக்டிகல் தேர்வில் இவற்றில் ஒன்று வந்து, உருகுநிலையை மட்டும் நம்பிப் பெயர் எழுதினால் மாறிப்போகும். அதனால்தான் முதலில் கரைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

0.1 கிராம் பொடி, 3 மில்லி கரைப்பான். முதலில் தண்ணீர். இரண்டும் கரையாமல் அடியில் கிடக்கின்றன. இந்த இடத்தில் அவசரப்பட்டு பர்னரில் காட்டிவிடாதீர்கள். அறை வெப்பநிலையில் 1 லிட்டர் நீரில் பென்சாயிக் அமிலம் சுமார் 3.4 கிராம்தான் கரையும். கொதிநீரில் அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல் கரைந்துவிடும். பிறகு 'நீரில் கரையும்' என்று எழுதி, பாதையே தவறிவிடும்.

அடுத்து 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு. குலுக்கியதும் இரண்டும் கரைகின்றன. சரி, இரண்டுக்கும் அமிலத்தன்மை உண்டு என்று தெரிந்துவிட்டது.

இப்போது 5 சதவீத சோடியம் பைகார்பனேட். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இடது டியூபில் குமிழிகள் கிளம்புகின்றன, பொடி கரைகிறது. வலது டியூபில் ஒன்றும் நடக்கவில்லை. அமிலத்தின் வலுவைக் காட்டும் எண் பிகேஏ, அது குறையக் குறைய அமிலம் வலுவானது. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ 4.2, கார்பானிக் அமிலத்துக்கு 6.4, நாப்தாலுக்குச் சுமார் 9.5. கார்பானிக் அமிலத்தை விட வலுவான அமிலம்தான் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். பொடி நனையக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், கண்ணாடிக் குச்சியால் கலக்கிவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள்.

கரைந்ததா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீல லிட்மஸ் சிவக்கும் வரை விட்டால் வெள்ளைப் பொடி திரும்பப் படியும். பைகார்பனேட் டியூபில் நுரை பொங்கும், மெதுவாக.

குமிழி வந்தாலே பென்சாயிக் அமிலம் போன்ற கார்பாக்சிலிக் அமிலம் என்று முடிவு கட்டாதீர்கள். பிக்ரிக் அமிலமும் நாப்தாலைப் போல பீனால் வகைதான், ஆனால் மூன்று நைட்ரோ தொகுதிகள் அதை அவ்வளவு வலுவான அமிலமாக்குவதால் பைகார்பனேட்டிலும் கரையும். காரத்தன்மை உள்ள அமீன்களிலும் இதே கதைதான். அனிலின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உடனே கரையும். டைபீனைல் அமீன் மிக வலுக்குறைந்த காரம் என்பதால் கரையாது.

அப்புறம், இந்த இரண்டு பொடிகளும் கலந்தே வந்தால்? ஈதரில் கரைத்துப் பிரிபுனலில் பைகார்பனேட் சேர்த்துக் குலுக்குங்கள். வாயு சேரும், அடிக்கடி குழாயைத் திறந்துவிட வேண்டும். பென்சாயிக் அமிலம் கீழே நீர் அடுக்குக்கு வந்துவிடும். நாப்தால் ஈதரிலேயே தங்கும், அதைப் பிறகு சோடியம் ஹைட்ராக்சைடால் எடுக்கலாம். அடுத்த வீடியோவில் அதையே செய்வோம்.