18 நாள் இருமலும் 5 நாள் மாத்திரையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். சளி இருமலுக்கும் திடீரென வரும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் முதலில் நாட வேண்டியது மூலிகையா, ஆன்டிபயாட்டிக்கா என்பது இன்றைய தலைப்பு. மூலிகையே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மூலிகை என்பது நிரூபணமில்லாத நம்பிக்கை என்றார். கஷாயத்தை நம்பிக் காத்திருந்து நிமோனியாவில் போய் நின்ற ஒருவரையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

நோயிலிருந்து தொடங்குகிறேன். இந்த அழற்சியில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது, சளி மிகுதியாகச் சுரக்கிறது, அதை வெளியே தள்ளுவதற்காக உடல் இருமுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இதற்குக் காரணம் வைரஸ். பாக்டீரியாவுக்கென்று செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது இருமலைச் சராசரியாக ஏறக்குறைய அரை நாள் குறைப்பதாகவே தெரிந்தது. அந்த அரை நாளுக்காக வயிற்றுப்போக்கையும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வாங்கிக்கொள்கிறோம்.

பிறகு ஏன் அதைக் கேட்டு வாங்குகிறோம்? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அருமையான விடை தருகிறது. இத்தகைய இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. மக்களோ 7 முதல் 9 நாளில் அது நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒன்பதாம் நாளுக்கும் பதினெட்டாம் நாளுக்கும் நடுவே உள்ள அந்தப் பொறுமையின்மைக்குள்தான் ஆன்டிபயாட்டிக் நுழைகிறது. பத்தாம் நாள் தொடங்கி ஐந்து நாள் மாத்திரை விழுங்குகிறோம், எப்படியும் தணிய வேண்டிய இருமல் தணிகிறது, புகழ் மாத்திரைக்குப் போகிறது. (கஷாயமும் இதே வழியில் புகழ் பெற்றதுண்டு என்பதை, எதிரணி சொல்லும் முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) ஆகவே இங்கே தேவை கிருமியைக் கொல்லும் மருந்து அன்று; நோய் தானே தீரும்வரை தொண்டையை ஆற்றி, சளியை இளக்கி, இரவில் உறங்கவிடும் துணை.

அதற்கு நிரூபணம் உண்டா? மருத்துவர்கள் சளியை இளக்க எழுதித் தரும் புரோம்ஹெக்சின், ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. அந்த புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறும்போது பிறக்கும் பொருளே அம்ப்ராக்சால். எதிரணித் தலைவர் நம்பும் இருமல் மருந்திலேயே எங்கள் இலை ஒளிந்திருக்கிறது! பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம் 2019-இல் வெளியிட்ட இருமல் நெறிமுறையில், பெரும்பாலோருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று கூறி, வீட்டிலேயே முயன்று பார்க்கத்தக்கவற்றுள் தேனையும் பெலார்கோனியம் என்ற செடியின் சாற்றையும் குறிப்பிட்டது. தேன் மூலிகையன்று என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரிதான், ஆனால் அது ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் அன்று. பெலார்கோனியத்துக்கான சான்று வலுவானது என்று நான் மிகைப்படுத்தவில்லை. அரை நாள் பலனுக்கு எதிரே வைத்துப் பார்க்கும்போது அது குறைவாகத் தெரியவில்லை, அவ்வளவே.

இயற்கையானது எதுவும் தீங்கு செய்யாது என்ற பேச்சை எங்கள் அணி பேசாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகமாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூலிகையை மருந்தென்று மதிப்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இனி, அந்த நிமோனியா நோயாளி. மூச்சுத் திணறல், சளியில் இரத்தம், தணியாத கடுங்காய்ச்சல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவருக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டது உண்மை. ஆனால் நடுவர் அவர்களே, அவருக்கு வந்தது நுரையீரலையே பற்றிய வேறொரு நோய். இன்றைய தலைப்போ மூச்சுக்குழாயைப் பற்றியது.