உதறிய சட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை முடிந்து வரும் கணவரின் சட்டையை வாங்கி, வாசலில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத் துவைக்கப் போடுவார்கள் நம் வீட்டுப் பெண்கள். அந்தச் சட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி இருந்தால்? 30, 40 வருடம் கழித்து, நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் அது புற்றுநோயாக வரலாம். மீசோதெலியோமா என்பார்கள். ஆலைக்குள் கால் வைக்காதவருக்கும் வரும்.

இது 1965-லேயே அச்சில் வந்துவிட்டது. லண்டனில் நியூஹவுஸ், தாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நோய் வந்த 76 பேரின் பழைய வாழ்க்கையை விசாரித்தார்கள். அவர்களில் 9 பேருக்கு, வீட்டில் இன்னொருவர் ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தார் என்பதுதான் தொடர்பு. பெரும்பாலும், கணவரின் உடையைத் துவைத்த மனைவிகள்.

அதே 1965-ஆம் ஆண்டே பின்னாளில் இந்தப் பெண்களுக்கு எதிராகத் திரும்பியது. எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். லிவர்பூலில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் கொதிகலன் வேலை செய்த ஒருவரின் மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். முதலில் ஜெயித்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை மாற்றிவிட்டது. அவர் துணி துவைத்தது 1960-களின் முதல் பாதியில். வீட்டாருக்கும் ஆபத்து என்பதை 1965 கடைசிக்கு முன்னால் கணவர் வேலை பார்த்த நிறுவனம் எதிர்பார்த்திருக்க முடியாது என்றது தீர்ப்பு. உள்ளே போன ஆஸ்பெஸ்டாஸ் இழையும் ஒன்று, வந்த நோயும் ஒன்று. 1964-இல் துவைத்தவருக்குக் கிடையாது, 1966-இல் துவைத்தவர் கேட்கலாம் என்பதை நியாயம் என்று என் மனம் ஏற்கவில்லை.

அதனால்தான் நான் வழக்கைவிட நிதியத்தை நம்புகிறேன். பிரான்சில் 2000 டிசம்பரில் வந்த சட்டத்தால் உருவான, ஆஸ்பெஸ்டாஸால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் நிதியம், யார் தவறு என்று நிரூபிக்கச் சொல்வதில்லை. பிரிட்டனிலும் 2008 அக்டோபரிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. அந்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தூசிபட்டு இந்த நோய் வந்தவர், துணி துவைத்தவரானாலும் சரி, ஆலைப் பக்கம் குடியிருந்தவரானாலும் சரி, ஒரு தொகை பெறலாம். ஆனால் நோய் உறுதியான 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நோயோடு போராடும் வீட்டில் 12 மாதம் எப்படி ஓடுமென்று சொல்லவே வேண்டாம்.

சரி, நம் நாட்டில்? 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருடம் காக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானால் 1 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது தொழிலாளிக்கானது. அவர் சட்டையைத் துவைத்தவருக்கு எந்த ஆலையும் பதிவேடு போடுவதில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். அப்பாவோ தாத்தாவோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலையிலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்த்திருந்தால், அவருடைய பிஎஃப் சீட்டு, இஎஸ்ஐ அட்டை எதையும் பழைய காகிதமென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு விடாமல் மூச்சுத் திணறினால், நெஞ்சில் நீர் கோத்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: அப்பா என்ன வேலை பார்த்தார், அவர் துணியைத் துவைத்தது யார் என்று.