கூத்தை முதலில் காதால் பிடிப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்றைக்கு நான்கு மாவட்டங்களாக இருக்கிற பகுதியை எங்கள் வயதுக்காரர்கள் இன்னமும் வடஆற்காடு என்றுதான் சொல்கிறோம். இந்தப் பகுதியின் கூத்தைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் நண்பர்கள் சிலர் சேர்ந்து பல வருஷமாக எழுதி வருகிறோம். எந்த ஊர்த் திருவிழாவில் எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, ஆடியது, என்ன கூத்து, துரியோதனன் வேடம் கட்டியவர் எப்படி ஆடினார், பின்பாட்டு விடியும்வரை தாங்கியதா, இதெல்லாம் அந்த எழுத்தில் இருக்கும். இப்போது அதையே பாட்காஸ்டாகவும் வீடியோவாகவும் செய்யத் தொடங்கியிருக்கிறோம். வேறு ஊர் இளைஞர்களுக்கும் இந்த ஆசை இருக்கிறது. என்ன கேமரா வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் முதல் கேள்வி வருகிறது. கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒலியில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் நம் ஊர் ஜனங்களிடமே இருக்கிறது. குடியாத்தம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிற பெண்கள், தறியில் உட்கார்ந்திருப்பவர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்கள், விடியற்காலையில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள். இவர்களில் பலருக்குக் கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அல்லது கூட்டத்தில் நின்றுகொண்டு திரையைப் பார்க்க முடியாது. நீண்ட கட்டுரையைப் படி என்று இவர்களிடம் சொல்ல முடியாது. ஒரு கூத்து வாத்தியார் பேசுகிறார், பாடுகிறார் என்றால் கேட்பார்கள். வானொலி இத்தனை காலம் ஓடியதே இந்தக் காதுகளை நம்பித்தானே.

கூத்தின் பாதி உயிரும் காதில்தான் இருக்கிறது. கூத்தின் தொடக்கத்தில் களரி கட்டும்போது மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து எழுப்புகிற சத்தம்தான் பக்கத்து ஊர்வரைக்கும் போய் ஆளைக் கூட்டி வருகிறது. விடிய விடிய நடக்கிற கூத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டே அரைத் தூக்கத்தில் கேட்கிறவர்கள் எத்தனை பேர்! திரைக்குப் பின்னால் இருந்து வேடக்காரர் விருத்தம் எடுத்தால், முகம் தெரிவதற்கு முன்னாலேயே வந்திருப்பது யார் என்று சொல்லிவிடுவார்கள்.

கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரன் பேச்சையும் சொல்ல வேண்டும். ராஜா செந்தமிழில் வசனம் பேசுவார். கட்டியக்காரன் பக்கத்தில் நின்று "இன்னா ராஜாவே, வந்துகினே கீறீங்க" என்பான். எல்லை ஊர்களில் நடுநடுவே தெலுங்கும் வந்து விழும். அதில் ஆச்சரியமில்லை, 1911 வரை வடஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். இன்றும் அந்தப் பக்கம் தர்மராஜா கோவில்களில் பாரதத் திருவிழா நடக்கிறது. அந்தப் பேச்சின் இழுப்பையும் நிறுத்தத்தையும் எந்த எழுத்திலும் முழுசாக வைக்க முடியாது. பத்து நிமிஷ ஒலிப்பதிவு அதை அப்படியே வைத்துக்கொள்கிறது.

வாத்தியார்களிடம் பேசப் போகும்போது, கூத்து என்றால் என்ன, அதன் சிறப்பு என்ன என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரு மேடைப் பேச்சுதான் கிடைக்கும். உங்களுக்கு முதல் முதலில் முகம் எழுதிவிட்டவர் யார், அன்றைக்கு என்ன வேடம் என்று கேளுங்கள். அர்ச்சுனன் தபசில் மரம் ஏறுகிறவரிடம், அதற்கு எத்தனை நாள் விரதம், ஏறும்போது வாயில் என்ன பாட்டு ஓடுகிறது என்று கேளுங்கள். கர்ண மோட்சம் ஆடுகிறவரிடம் சாவு வீட்டுக் காரியத்தில் ஆடுவதற்கும் கோவிலில் ஆடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அவர் ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஒரு மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் துக்கத்தை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதே வந்துவிடும். நடுவில் ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, பாடிக் காட்டச் சொல்லுங்கள். பாடியதும் அடுத்த கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். பாட்டு முடிந்த பிறகுதான் முக்கியமான விஷயத்தை அவர்களாகவே சொல்வார்கள்.

பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் போதும். வெளியே மாடு கத்தினால் கத்தட்டும். பேச்சு மட்டும் என்றால் மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3 போதுமானது. 20 நிமிஷப் பேச்சு 10 எம்பிக்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கேட்கிறவரின் டேட்டா தீராது. ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் போடுங்கள், ஆனால் நம் ஊரில் அது ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகப்போவது வாட்ஸ்அப்பில்தான்.

களத்தில் கூத்தையே பதிவு செய்வது வேறு வேலை. கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நின்று பதிவு செய்தால் முகவீணை காதைக் கிழிக்கும், வசனம் புரியாது. பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கமாக, சின்ன ரெக்கார்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள். அளவு முள் உச்சிக்குப் போகாதபடி நன்றாகக் குறைத்தே வையுங்கள், ஏனென்றால் போர்க் கட்டம் வரும்போது எல்லோரும் ஒரேயடியாகக் குரலை உயர்த்துவார்கள். வீடியோவும் எடுப்பதாக இருந்தால், தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு தரம் பலமாகக் கை தட்டுங்கள். ஒலியையும் படத்தையும் பிறகு பொருத்துவதற்கு அந்தத் தட்டல் போதும்.

சரி, வீடியோவுக்கு வருவோம். வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும், சுழன்று ஆடும்போது விரிகிற பாவாடையையும் ஒலியில் எப்படிக் காட்டுவது? அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் எட்டு மணி நேரக் கூத்தை முழுசாக யூடியூபில் ஏற்றிவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. களத்தில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற நேரத்தைத் தனியாகக் கையகலத் திரையில் யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

எங்கள் முறை இது. அசையாத ஒரு கேமரா, ஸ்டாண்டில், முழு இரவும் ஓடும். நிமிஷத்துக்கு 100 எம்பி என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 48 ஜிபி ஆகும். அது ஹார்டு டிஸ்கில் காப்பகமாக இருக்கும், ஒரு பிரதி ஜமாவுக்குப் போகும். பொதுவில் போடுவது ஆறேழு நிமிஷத் துண்டுகள் மட்டும். அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது வேடம் கட்டுகிற நேரம். சாயங்காலம் அரிதாரம் குழைப்பதிலிருந்து கிரீடத்தை இறுக்கிக் கட்டும்வரை. முன்னால் உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை.

வெளிச்சம் ஒரு தொல்லை. தீப்பந்தம் போய், பெட்ரோமாக்ஸ் போய், இப்போது எல்லா ஊரிலும் வெள்ளை எல்இடி. செல்போன் அந்த இருட்டையும் வெளிச்சத்தையும் சராசரி பார்க்கும், அரிதாரம் பூசிய முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு. ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

இதையெல்லாம்விட அனுமதிக்குத்தான் நான் அதிக அக்கறை கேட்கிறேன். வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை அழைத்தது ஊர், பணம் கொடுத்தது ஊர், அதனால் ஊர்க்காரன் நான் எதையும் எடுப்பேன், எங்கேயும் போடுவேன் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம், நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை கொடுத்தது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் அந்தச் சட்டம் பெயர் சொல்கிறது. அந்த உரிமை இப்போது 50 வருஷத்துக்கு இருக்கிறது. நம் கூத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆகவே முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். எதை எடுப்போம், எங்கே போடுவோம், வேண்டாம் என்றால் நீக்கிவிடுவோம் என்று சொல்லி அவர்கள் சம்மதத்தை அவர்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெண் வேடம் கட்டுகிற ஆண்களை நினைத்து இன்னும் கவனம் வேண்டும். பாஞ்சாலி சபையில் அழுது முறையிடுகிற அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேலிப் பாட்டோடு ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மனிதர் மறுநாள் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவர். அதனால் அந்தக் கட்டங்களை நாங்கள் சின்னத் துண்டுகளாகப் போடுவதில்லை, போடுகிற வீடியோவிலும் பின்னூட்டத்தை மூடிவிடுகிறோம். துரியோதனன் வதம் நடக்கிற படுகளத்தன்று சாமி வந்து ஆடுகிற பெண்களின் முகத்தை எடுப்பதே இல்லை. பார்க்க எவ்வளவு உக்கிரமாக இருந்தாலும் சரி, அது அவர்களுக்கும் அம்மனுக்கும் நடுவில் நடக்கிற விஷயம்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். யூடியூப் விளம்பரப் பங்கு கொடுக்க, 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறது. நீளமான வீடியோ போடுகிறவர்களுக்கான கணக்கு இது. அதனால் வீடியோ போட்டால் வருமானம் வரும் என்று எந்த ஜமாவிடமும் ஆசை காட்டாதீர்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஜமாவின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால் தொடர்பு எண்ணையும் சொல்லுங்கள். ஒரு ஊர் கேட்டுவிட்டு வந்து அச்சாரம் கொடுத்தால், அதுதான் அவர்களுக்கு உடனடி வரவு.

ஒலிக்கும் படத்துக்கும் போனதால் எழுத்தை விட்டுவிட வேண்டியதில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசைக் கிராமத்தின் கண்ணப்பத் தம்பிரான் கூத்தைப் பார்த்து மயங்கிய எழுத்தாளர் ந. முத்துசாமி அதைப் பற்றி எழுதினார், விடாமல் பேசினார். 1977-ல் சென்னையில் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை உருவானது. புரிசையைத் தேடி நகரத்து நாடகக்காரர்கள் வந்ததில் அந்த எழுத்துக்குப் பங்கு உண்டு. ஆட்டம் எங்கே தளர்ந்தது, புதுப் பையன் எங்கே வாத்தியாரையே மிஞ்சினான் என்று நிதானமாகச் சொல்ல எழுத்துதான் இடம் கொடுக்கும். மைக் முன்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு அவர் ஆட்டத்தை விமர்சிக்கவும் முடியாது, கூடாது.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது ஊர் ஊராகப் போய்த் தெருமுனையில் நாடகம் போட்ட இளைஞர்கள். இன்றைக்கு அவர்களுக்கு ஐம்பது, அறுபது வயது. மேக்கப் இல்லை, மைக் இல்லை, சுற்றி நின்ற கூட்டம்தான் மேடை. அந்தப் பாட்டுகள் பலருக்கு இன்னும் மனப்பாடம். அவர்களை ஒரே அறையில் நாலைந்து பேராக உட்கார வைத்து மைக்கைத் திறந்துவிட்டால் போதும், ஒருவர் மறந்த அடியை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

கடைசியாக ஒரு வேலைக் குறிப்பு. பதிவு செய்த அன்றைக்கே கோப்புக்குப் பெயர் வைத்துவிடுங்கள். தேதி, ஊர், கூத்தின் பெயர், ஜமாவின் பெயர், வேடக்காரர்கள் பெயர். இரண்டு ஹார்டு டிஸ்கில் இரண்டு வீட்டில் வையுங்கள். கூத்து தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் ஓடுகிற சினிமாப் பாட்டை வெட்டிவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் அந்தப் பாட்டின் உரிமைக்காரர் பெயரில் உங்கள் வீடியோ முடங்கும். எந்த ஊரில் தொடங்குவது என்று யோசித்தால், வாத்தியார்களில் வயதில் மூத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே, இந்த மாதமே போங்கள்.

நன்றி, வணக்கம்.