ஆயாவின் தக்களியும் வாசலில் நிற்கும் வாழையும்

(பெரம்பூரில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இன்று மாலை மட்டும் மூன்று நிகழ்ச்சிகள் இருந்தும் முதலில் இங்கே வந்து, இன்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இந்தக் கட்டடத்தின் மழை ஒழுக்கைத் தாமே வாளி வைத்துச் சமாளித்துவரும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் தேநீருக்காகக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாரைப் பற்றிப் பேச வந்தவனுக்குச் சற்று முன் போர்த்தப்பட்ட பொன்னாடை பாலியெஸ்டர் என்பதைச் செயலாளர் பொறுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் சொல்லிவைக்கிறேன். அது வீணாகாது. இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, சுருட்டித் தைத்தால் நல்ல மிதியடி ஆகும். என் வீட்டில் அப்படி ஐந்து கிடக்கின்றன. எந்த மிதியடி எந்த விழாவில் வந்தது என்பது என் மனைவிக்கு மனப்பாடம்.

மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்: நார், அதைக் கையாளும் கருவி, செய்த பொருளுக்கான சந்தை. மூன்றையும் ஒரே பழமொழியில் கட்டிவிடலாம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இதை வீரம் பற்றிய பழமொழி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. நம் தெருவில் யாராவது வாளுக்கும் வேலுக்குமா பொட்டு வைத்தார்கள்? அரிவாள்மணைக்கும், தையல் இயந்திரத்துக்கும், மெக்கானிக் கடையின் ஸ்பேனருக்கும் வைத்தார்கள். ஆயுதம் என்றால் நமக்குத் தொழிற்கருவிதான். புல்லைக் கருவியாக்கத் தெரிந்தவனே வல்லவன் என்பது என் பாடம். தமிழாசிரியர்கள் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

அந்தப் பூஜைக்கு வண்டிகளில் கட்டிய வாழைக் கன்றுகள் எங்கே போயின? மறுநாளே குப்பைத் தொட்டியைச் சுற்றி மலைபோல் குவிந்தன. அங்கிருந்து கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போயிருக்கும். ஒவ்வொரு முகூர்த்த நாளுக்கும் மறுநாள் கல்யாண மண்டப வாசல்களில் நடப்பதும் இதுதான். வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். வெட்டிய தண்டு தோட்டக்காரருக்கும் சுமை, நமக்கும் சுமை. ஆனால் அதன் ஒவ்வொரு மட்டையிலும் நார் இருக்கிறது. மட்டையைப் பட்டையாக உரித்துப் பலகையில் கிடத்தி, மழுங்கிய விளிம்பால் அழுத்தி இழுத்தால் சோறுபோன்ற சதை வழிந்து போய் நார் மட்டும் மிஞ்சும். அலசி நிழலில் உலர்த்தினால் பட்டுபோல மின்னும். கத்தி கூர்மையாக இருந்தால் நாரே அறுந்துவிடும் என்பதால், இதற்குத் தோதான கருவி இரும்பறுக்கும் ஆக்சாவின் ஒடிந்த பிளேடின் பல்லில்லாத முதுகுதான். கடையில் வாங்கும் புதுக் கத்தி தோற்கும் இடத்தில் பட்டறைக் குப்பை வெல்கிறது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

கயிறு திரிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒற்றைப் புரியை எவ்வளவு முறுக்கினாலும் கையை விட்டதும் பிரிந்துவிடும். இரண்டு புரிகளையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, பிறகு ஒன்றாகச் சேர்த்து இடப்பக்கம் முறுக்கினால், ஒன்று பிரிய முயலும் வேகமே மற்றதை இறுக்கிப் பிடிக்கும். தென்னை நாரானாலும் பால் கவரைக் கீறி எடுத்த நாடாவானாலும் கணக்கு ஒன்றுதான். பால் கவரில் பின்னுவதை இயற்கைக்கு உகந்தது என்று சொல்லிவிட மாட்டேன். அது நெகிழியின் ஆயுளை நீட்டுவது, அவ்வளவுதான். அதுபோலவே, ‘மூங்கில் நார்த் துணி’ என்று பெருமையாக விற்கப்படுவதில் பெரும்பகுதி மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ் ரகம். ஒட்டியிருக்கும் பச்சை இலைப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இனிக் கருவி. இதற்கு என் ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேட்டவர்கள் மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டுகிறேன்.

நான் படித்த பள்ளியில் அந்தக் காலத்தில் கைத்தொழில் வகுப்பு உண்டு. திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு தக்களி, அதாவது கையால் சுழற்றிப் பஞ்சை நூலாக்கும் கருவி, கொண்டுவர வேண்டும் என்றார் ஆசிரியர். கடையில் பித்தளைத் தக்களி விற்றார்கள். மாதக் கடைசி என்பதால் அப்பா காதில் அந்தச் செய்தி விழவே இல்லை. ஆயாதான் கேட்டாள், “அது இன்னாடா, கம்பியும் வட்டமும்தானே?” ஒரு கொட்டாங்குச்சித் துண்டை எடுத்துத் துவைக்கல்லில் தேய்க்கத் தொடங்கினாள். அரைநாள் தேய்த்தாள். வட்டம் வந்தது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நடுவில் துளையிட்டாள். இப்போது கம்பி வேண்டும்.

எங்கள் பெரியப்பா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். நெசவாளியின் சைக்கிள் முற்றத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது; அவரோ இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆயா அந்தப் பின்சக்கரத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தெருமுனைச் சைக்கிள் கடைப் பையனை ஒரு வெல்லக்கட்டி காட்டி அழைத்துவந்தாள். “நாப்பது கம்பி கீது, ஒண்ணு போனா இன்னா?” என்றாள். அந்தக் கணக்கு சரிதான். அக்கால வண்டிகளுக்குப் பின்சக்கரத்தில் நாற்பதும் முன்சக்கரத்தில் முப்பத்திரண்டுமாகக் கம்பிகள் இருக்கும். கம்பி வந்தது. அதன் ஒரு முனை தானாகவே வளைந்திருப்பதால் நூல் மாட்டும் கொக்கிக்குத் தனி வேலையே இல்லை என்பதை அவள் முன்பே கவனித்திருக்கிறாள்! கதவிடுக்கில் வைத்து வளைத்து வளைத்து வேண்டிய அளவுக்கு ஒடித்தாள். கஞ்சியில் நனைத்த நூலைச் சுற்றி வட்டத்தை இறுக்கினாள்.

சுழற்றினால் தள்ளாடியது. இரண்டு டம்ளர்களை அருகருகே வைத்து, அவற்றின் விளிம்புகளில் கம்பியைப் படுக்கப் போட்டாள். கனமான பக்கம் தானாக உருண்டு கீழே வந்து நின்றது. அந்தப் பக்கத்தைத் தேய்த்தாள், மீண்டும் போட்டாள், எங்கு திருப்பி வைத்தாலும் அங்கேயே நிற்கும்வரை தேய்த்தாள். மோட்டார்ப் பட்டறைகளில் சக்கரச் சமநிலை பார்க்கும் தத்துவம் இது. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

மறுநாள் பெரியப்பாவின் சைக்கிள் கோட்டம் விழுந்து, மட்கார்டில் உரசிக்கொண்டே தெருவெல்லாம் பாட்டுப் பாடியது. திரும்பி வந்தவர், “என் வண்டியை யார் தொட்டது?” என்று கத்தினார். ஆயா அரிசி புடைத்துக்கொண்டே, “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்டா” என்றாள். பெரியப்பா சொன்னார்: “வல்லவளுக்கு என் சைக்கிள்தான் புல்லா கெடச்சுதா?”

அந்தத் தக்களியில் நான் நூற்ற நூல் முடிச்சும் மொத்தையுமாக மிக மோசமாக இருந்தது. ஆனாலும் ஆசிரியர் பித்தளைத் தக்களிகளை விட்டுவிட்டு அதைத்தான் கையில் வாங்கிச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் அங்கே ஏராளம். செய்திகளில் அந்தப் படங்களைப் பார்க்கும்போது துவைக்கல் தேயும் சத்தம்தான் என் காதில் கேட்கிறது.

இதற்காகத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன். நம் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை கைவேலைக்கு வேண்டும். அதில் பிள்ளைகள் பொருளைச் செய்வதற்கு முன் கருவியைச் செய்ய வேண்டும். கடையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்து, அதிலுள்ள குறிப்பைப் பார்த்து ஒட்டுகிற வேலையைக் கைவேலை என்று சொல்லாதீர்கள். பழைய அட்டைப்பெட்டியின் விளிம்புகளில் பல் வெட்டினால் தறி. அதில் நீளவாக்கில் பாவு நூல் கட்டி, ஐஸ் குச்சியை ஊடை கோத்து ஓட்டும் நாடாவாக்கி, பழைய புடவைக் கிழிசலைக் குறுக்கே ஊடையாக ஓட்டி, உடைந்த சீப்பால் தட்டினால் துணி. தேய்த்துக் கூராக்கிய சைக்கிள் கம்பிகள் இரண்டு இருந்தால் கம்பளி பின்னலாம். காசிமேட்டில் வலை சீர்செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து, வலை பின்னும் ஊசியை மூங்கிலில் செதுக்கிக் காட்டச் சொன்னால் அது ஒரு பருவத்துக்கான பாடம்.

‘குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறீரா?’ என்று ஒரு நண்பர் என்னிடம் நேராகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்பதாகத்தான் அது முடிந்திருக்கும். இந்த ஊர் அதை எதிர்த்தது சரி. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டதும் சரி. நான் கேட்பது அதற்கு எதிரானது: வழக்குரைஞர் மகளும் கயிறு திரிக்கட்டும், மீனவர் மகனும் தறி கட்டட்டும், தந்தையின் தொழிலை யாரும் பார்க்க வேண்டாம். படிப்பு நேரத்தில் ஒரு நிமிடமும் குறையக் கூடாது. பாடத்திட்டத்துக்குள்ளேயே அதற்கு இடம் வேண்டும்.

2019 ஜனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. இரண்டையும் வரவேற்றவன் நான். ஆனால் பழைய வேட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் துணியில் தைத்த பையைக் காசு கொடுத்து வாங்குகிற வீடுகளைப் பார்க்கிறேன். ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்காததன் விளைவு அது.

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். சந்தையைப் பற்றிய என் மூன்றாவது செய்தி இன்றைக்கு இல்லை என்று பொருள். மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களிடம் கைவேலைப் பாடவேளைக்கான கோரிக்கை மனுவை இந்த மேடையிலேயே அளிக்கிறேன். அதன் மற்றொரு படி கையெழுத்துக்காக வெளியே மேசையில் இருக்கிறது. செயலாளருக்கும் ஒரு வேண்டுகோள்: வாசலில் கட்டியிருக்கும் இரண்டு வாழை மரங்களையும் குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன். குலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், எனக்குத் தண்டு போதும். நன்றி, வணக்கம்.