வேலையை யாரும் தடுக்கவில்லை, வாயைத்தான் அடைத்தார்கள்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே, பிடிக்க முடியாமல் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் விடுதலை வரலாற்றில் விஞ்சி நிற்பது களப்பணியா, பேச்சா?" இதுதான் தலைப்பு. பேச்சுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் வந்த அண்ணன், களப்பணிதான் என்று பதினைந்து நிமிடம் பேசினார். பேசினார், நடுவர் அவர்களே. களப்பணி எதையும் செய்து காட்டவில்லை. அதையே என் முதல் சான்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, விளையாட்டு போதும். அண்ணன் மூன்று அம்பு விட்டார். அலபாமா மாநிலத்து மான்ட்காமரி நகரில் ராத்திரியோடு ராத்திரியாகத் துண்டறிக்கை அடித்த ஜோ ஆன் ராபின்சன் ஒன்று. கடைக்குப் பின்னால் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்த செப்டிமா கிளார்க் இரண்டு. மூன்றாவது, சொஜர்னர் ட்ரூத். எனக்கு வலித்தது அந்த மூன்றாவதுதான், அதை முதலில் பிடுங்கிவிடுகிறேன்.

ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1851 மே மாதம் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் எழுந்து பேசினார். "நான் பெண் இல்லையா?" என்று அவர் கேட்டதாக உலகமே மேற்கோள் காட்டுகிறது. அண்ணன் என்ன சொன்னார்? அந்தக் கேள்வி யாரோ ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவின் வாயில் திணித்தது, பேச்சென்றால் இப்படித்தான் ஊர் வாயில் உருமாறிப்போகும், செய்த வேலைதான் செய்தபடி நிற்கும் என்றார்.

தகவல் சரி அண்ணா. முடிவுதான் தப்பு. அந்தப் பேச்சுக்கு இரண்டு முக்கியப் பதிவுகள் உண்டு. மாநாட்டில் செயலாளராக உட்கார்ந்திருந்த மரியஸ் ராபின்சன், மறுமாதமே ஓர் அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் வெளியிட்டது ஒன்று. அதில் "நான் பெண் இல்லையா" கிடையாது. மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி பன்னிரண்டு வருடம் கழித்து, 1863இல் எழுதியது மற்றொன்று. அதில் அந்தக் கேள்வி நான்கு முறை வருகிறது. கூடவே தென்மாநில அடிமைகளின் பேச்சு வழக்கும் வருகிறது. ட்ரூத்தோ தெற்கில் வளராதவர், அவருடைய தாய்மொழி டச்சு. கேஜ் கணக்கில் அவருக்குப் பதின்மூன்று பிள்ளைகள், உண்மையில் ஐந்து.

இப்போது ஜோடனை இல்லாத பழைய பதிவைப் பாருங்கள். "உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், சோளம் உரித்திருக்கிறேன், எந்த ஆணாவது இதற்கு மேல் செய்துவிட முடியுமா?" என்கிறார். அடுத்து அறிவைப் பற்றிய வாதத்துக்கு வருகிறார். பெண்ணுக்கு அறிவு குறைச்சல் என்பது அன்றைக்கு எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த விஷயம். அந்த அம்மா அதை மறுக்கவே இல்லை. பைன்ட், குவார்ட் என்று அவர்கள் ஊர் அளவையில் சொன்னதை நம் படிக்கணக்கில் சொல்கிறேன்: "ஆணுக்கு ஒரு படி அறிவு, பெண்ணுக்கு அரைப்படி என்றே இருக்கட்டும். அந்த அரைப்படியையாவது தலை தட்டாமல் நிறைய அளக்கவிடக் கூடாதா?" எதிராளி சொன்னதை ஒத்துக்கொண்டே அவனைக் கீழே தள்ளுவது! பட்டிமன்றப் பேச்சாளர்கள் தலைகீழாக நின்றாலும் இது சுலபத்தில் வராது. அந்தப் பேச்சு சபையில் உண்டாக்கிய விளைவைத் தாளில் கொண்டுவர முடியாது என்று ராபின்சனே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்றுக்கும் உதவாத பேச்சை எவராவது பன்னிரண்டு வருடம் கழித்து ஜோடித்து எழுதுவார்களா? தங்கத்தைப் பார்த்துத்தான் கவரிங் செய்வார்கள், தகரத்தைப் பார்த்து யாரும் செய்வதில்லை.

இன்னொன்று. ஆக்ரனுக்குப் பதினெட்டு வருடம் முன்பே, 1833இல், பாஸ்டனில் மரியா ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண் தன் விடைபெறும் உரையில், "நான் பெண்ணாக இருந்தால்தான் என்ன?" என்று கேட்டுவிட்டார். இதை அச்சிலேயே பார்க்கலாம். ஐந்து வயதில் பெற்றோரை இழந்து பாதிரியார் வீட்டு வேலைக்காரியாக வளர்ந்தவர் அவர். கணவர் இறந்ததும் சேரவேண்டிய சொத்தை வெள்ளைக்காரர்கள் ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் மேடை ஏறினார். ஆணும் பெண்ணும் கலந்திருந்த சபையில் ஒரு பெண் எழுந்து பேசுவதே அன்றைக்கு அநாகரிகம். ஆப்பிரிக்காவின் மகள்கள் இன்னும் எத்தனை காலம் இரும்புப் பானை சட்டிகளின் சுமைக்கு அடியில் தங்கள் அறிவைப் புதைத்து வைக்க வேண்டும் என்று 1831இலேயே எழுதிக் கேட்டவர். இரண்டு வருடத்துக்குள் பாஸ்டன் மேடையே வேண்டாம் என்று விடைபெற்றுப் போக வேண்டியதாயிற்று.

என் வாதம் இங்கேதான் இருக்கிறது. பானை சட்டி கழுவாதே என்று மரியா ஸ்டூவர்ட்டை யாராவது தடுத்தார்களா? உழாதே, அறுக்காதே என்று ட்ரூத்தைத் தடுத்தார்களா? சவுக்கைக் காட்டி வேலை வாங்கிய தேசம் அது. கறுப்பினப் பெண் உழைப்பதில் அந்த தேசத்துக்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை. வாயைத் திறந்தால்தான் ஆட்சேபணை.

நடுவர் சிரிக்கிறார். எதிரணி குறிப்பெடுக்கிறது. என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்: "செப்டிமா கிளார்க்." சரி, அதையும் பேசிவிடலாம். கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்ஏஏசிபியின் உறுப்பினராக இருந்ததற்காகத் தென் கரோலினாவில் அவருடைய ஆசிரியர் வேலையைப் பறித்தார்கள். களப்பணிக்கும் தண்டனை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 1957இல் அந்த மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் அவர் முயற்சியால் தொடங்கிய முதல் வகுப்பு, ஒரு கடையின் பின்னறையில் நடந்தது. வெள்ளைக்காரர் கண்ணுக்குக் கடை, உள்ளே பள்ளிக்கூடம். பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்திக்கொண்டிருந்தவர். முதல் நாள் பாடப்புத்தகத்தைப் பிரிக்காமல், "உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று வந்தவர்களைக் கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், பைபிள் படிக்க வேண்டும் என்றார்கள். வாக்காளர் பதிவு அலுவலகத்தில் வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் அரசியல் சட்டத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், அதற்கும் அங்கே பயிற்சி. அது பேச்சுப் பயிற்சி இல்லாமல் வேறென்ன? இருந்தாலும் செப்டிமா கிளார்க்கை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். பெருந்தன்மை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மான்ட்காமரியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். 1955 டிசம்பர் 1, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தராததற்காக ரோசா பார்க்ஸ் கைதான இரவு. ஜோ ஆன் ராபின்சன், தான் பாடம் நடத்தும் கல்லூரியில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கை ஓட்டினார். நம்மில் நரைத்தவர்களுக்குத் தெரியுமே, சைக்ளோஸ்டைல், அதில்தான். கை வலிக்கச் சுற்றினார், களப்பணி என்றார் அண்ணன். சுற்றியது கை, சரி. அந்தத் தாளில் என்ன இருந்தது? வெறும் தாளையா விநியோகித்தார்?

"இன்னொரு பெண் கைதாகியிருக்கிறார்." அப்படித்தான் தொடங்குகிறது. அந்த முதல் சொல்லைப் பாருங்கள், "இன்னொரு". ரோசா பார்க்ஸின் பெயர் அதில் இல்லை. ஒன்பது மாதம் முன்பு இதே குற்றத்துக்குக் கைதான பதினைந்து வயதுப் பெண் கிளாடெட் கோல்வின் வழக்கை நினைவூட்டிவிட்டு, அடுத்தது நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளாக இருக்கலாம், உங்கள் தாயாக இருக்கலாம் என்று போகிறது. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் நாம்தான், நாம் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது என்று கணக்கும் சொல்கிறது. ஒருத்தியின் வழக்கை ஊர் வழக்காக மாற்றியது அந்த "இன்னொரு". மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். கால் நடந்தது, மறுக்கவில்லை. காலைக் கிளப்பியது எது?

பேச்சுக்கு வலிமை இல்லை என்று எதிரணிதான் சொல்கிறது. மேடையை நடத்தியவர்களுக்கு அதன் வலிமை நன்றாகத் தெரிந்திருந்தது. 1963 ஆகஸ்ட் 28, கறுப்பினத்தவர் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி, இரண்டரை லட்சம் பேர் திரண்ட கூட்டம். அதற்கு ஆள் திரட்டியதில், பணம் சேர்த்ததில் பெண்களின் பங்கு கொஞ்சமல்ல. முக்கியப் பேச்சாளர் பட்டியலில் எத்தனை பெண்கள்? ஒருவர்கூட இல்லை. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஹெட்ஜ்மன் எழுதிக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் பெண் போராளிகளுக்குப் பாராட்டு என்று ஒரு சின்ன நிகழ்ச்சி. அதில் டெய்ஸி பேட்ஸ் ஒரு நிமிடம்போலப் பேசினார். பெண்கள் பாடலாம், மேடையில் உட்காரலாம். மைக்கை மட்டும் சொந்தப் போராட்டக்காரர்களே கொடுக்கத் தயங்கினார்கள். எதில் அதிகாரம் இருக்கிறதோ அதைத்தானே மனிதன் கொடுக்கத் தயங்குவான்?

பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. ஏன் என்று புரிகிறது. 1892இல் மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய அவருடைய நண்பரையும் இன்னும் இருவரையும் வெள்ளைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. இவர் அதைக் கண்டித்து எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பத்திரிகை அலுவலகத்தை உடைத்து நொறுக்கினார்கள், திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்றார்கள். அந்த அக்டோபரில் நியூயார்க்கின் லிரிக் ஹாலில், கறுப்பினப் பெண்கள் கூட்டிய சபையில் எழுதிவைத்ததை வாசிக்கிறார். நண்பரின் முகம் நினைவுக்கு வருகிறது, கண்ணீர் வழிகிறது. குரல் மாறவில்லை. வாசிப்பை நிறுத்தாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, பின்னால் இருந்தவர்களிடம் கைக்குட்டைக்குச் சைகை காட்டுகிறார். அழுததற்காகப் பிற்பாடு வெட்கப்பட்டார். அழுதால் பெண்ணின் பலவீனம் என்பார்கள், சொன்ன விவரம் போய்விடும் என்ற கவலை. கூடியிருந்த பெண்கள் 500 டாலர் திரட்டித் தந்தார்கள், ஆடையில் குத்திக்கொள்ள பேனா வடிவில் ஒரு பொன் ஊசியும். அந்தக் கூட்டத்தின் சூட்டில்தான் அடுத்தடுத்து பெண்கள் சங்கங்கள் கிளம்பின. எதிரணியின் களப்பணி எங்கே பிறந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருடைய புள்ளிவிவரமும் ஒரு சாமர்த்தியம். தன் ஆட்கள் எண்ணிய கணக்கை அவர் வைக்கவில்லை. சிகாகோவின் வெள்ளையர் பத்திரிகை வருடா வருடம் வெளியிட்ட படுகொலைப் பட்டியலையே எடுத்து வைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்போமே, அதுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், முதல் மணிதானே? ஃபேனி லூ ஹேமருக்கு மூன்று நிமிடம் கொடுங்கள்.

மிசிசிப்பியில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்து, பருத்திப் பண்ணையில் விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்ட பெண். 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டி, ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டும் பிரதிநிதிகளாக வரலாமா என்ற விசாரணையில் சாட்சி சொல்கிறார். கையில் காகிதம் இல்லை. பதினெட்டுப் பேர் வாக்காளராகப் பதியப் போனதைச் சொல்கிறார். திரும்பும் வழியில் மறித்து, பேருந்தின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநர்மேல் வழக்குப் போட்டதைச் சொல்கிறார். பேருந்துக்குக்கூட அங்கே நிறம் பார்த்திருக்கிறார்கள்! பதிவைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியேறு என்ற பண்ணை முதலாளியிடம், "உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்று சொன்னதைச் சொல்கிறார். வினோனா சிறையில் வாங்கிய அடியைச் சொல்கிறார்.

ஜனாதிபதி ஜான்சன் என்ன செய்தார் தெரியுமா? அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டார். காமிரா எல்லாம் வெள்ளை மாளிகைக்குத் திரும்பியது. டெக்சஸ் ஆளுநர் சுடப்பட்டு இன்றோடு ஒன்பது மாதம் என்றார். அவ்வளவுதான் அவசரச் செய்தி! உலகத்தின் பெரிய வல்லரசின் தலைவர், ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் எட்டு நிமிடப் பேச்சுக்குப் பயந்து ஒன்பதாம் மாத நினைவு அனுசரித்திருக்கிறார். அன்றிரவே தொலைக்காட்சிகள் அந்தச் சாட்சியத்தை நாடு முழுக்க ஒளிபரப்பிவிட்டன.

ஹேமரின் குழுவுக்கு மாநாட்டில் கிடைத்தது இரண்டு இடம்தானே, அதையும் வேண்டாம் என்றார்களே என்பார் அண்ணன். ஆமாம், இரண்டு இடத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று ஹேமரே சொன்னார். அடுத்த வருடம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968 மாநாட்டில் அவரே பிரதிநிதியாக உட்கார்ந்தார்.

அந்தச் சாட்சியத்தின் முதல் வாக்கியத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் ஒரு ராத்திரி பதினாறு குண்டு பாய்ந்திருந்தது. கொலை மிரட்டல் ஓயாததால் தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டுத் தூங்குகிற நிலைமை. அப்படிப்பட்டவர் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, "என் பெயர் திருமதி ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பி, ரூல்வில், கிழக்கு லஃபாயட் தெரு, 626ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன்" என்று தொடங்கினார். கதவு எண்ணோடு சொன்னார்.

இதைப் பேச்சுக் கணக்கில் எழுதுவீர்களா, களப்பணிக் கணக்கில் எழுதுவீர்களா என்பது உங்கள் பாடு, நடுவர் அவர்களே. இரண்டாவது மணியும் கேட்டுவிட்டது. உட்காருகிறேன். வணக்கம்.