கல்லாவில் மிஞ்சுவதெல்லாம் லாபமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு முழுக்கக் கணக்குதான். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தலைத் தாண்டிப் போக மாட்டேன்.

குடும்பமாக நடத்தும் கடைக்காரரிடம் லாபம் வருகிறதா என்று கேளுங்கள். "ஏதோ ஓடுது" என்பார். அந்த 'ஏதோ'தான் எனக்கு உறுத்தல். மாதக் கடைசியில் கொள்முதல், கரண்ட் பில் எல்லாம் போக 60 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. கடையில் அப்பா, அம்மா, மகன் மூவரும் நிற்கிறார்கள். வெளியாள் வைத்தால் தலைக்கு 25, ஆக 75. அப்படியானால் கடை ஓடுவது 15 நஷ்டத்தில். கட்டடமும் சொந்தம் என்றால், வேறு யாருக்காவது விட்டிருந்தால் வந்திருக்கும் வாடகையையும் கழியுங்கள்.

கடையை மூடச் சொல்கிறான் என்று கிளம்பிவிடாதீர்கள். வியாபாரம் படுத்த மாதத்திலும் குடும்பம் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஷட்டரைத் திறக்கும். சம்பள ஆட்களை நம்பிய கம்பெனியால் அது முடியாது. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்ற எண் கையில் இருக்காது. அது தெரியாமலேயே இரண்டாவது கடை திறப்பார்கள். அங்கே நிற்க வீட்டில் ஆள் ஏது? சம்பளத்துக்கு ஆள் வைத்த பிறகுதான், முதல் கடையில் லாபமாகத் தெரிந்தது வீட்டார் உழைப்பு என்று புரியும்.

குடும்பம் எவ்வளவு தாங்கினாலும் ஒரு தப்புக் கணக்கு தொழிலைச் சாய்த்துவிடும். ஜப்பானில் கொங்கோ குமி என்று கோயில் கட்டும் குடும்பத் தொழில் ஒன்று. 578இல் தொடங்கியது. மருமகனுக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்தாவது 1,400 ஆண்டுக்கு மேல் ஓட்டினார்கள். கோயில் வேலை குறைந்தது ஒரு பக்கம். ஆனால் பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 1980களில் நில விலை ஏறியபோது கடன் வாங்கி நிலத்தில் போட்டார்கள். விலை சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2006இல் தொழில் இன்னொரு கட்டுமானக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

சரி, நம் கல்லாவுக்கு வருவோம். கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. மாதத்தில் ஒரே தேதியில் வீட்டுக்குச் சம்பளம் போகட்டும். கொடுக்க முடியாத மாதம் 'கடை பாக்கி' என்று நோட்டில் எழுதுங்கள். நடுவில் கல்லாவிலிருந்து பணம் எடுத்தால் எவ்வளவு என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். இதில் நிறையப் பேர் கோட்டை விடுவது அம்மாவின் சம்பளத்தைத்தான். "சும்மா கொஞ்ச நேரம் உட்காருவாங்க" என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எத்தனை மணி வந்தது என்று கமெண்டில் போடுங்கள்.